ஆன்லைனில் புடவை விற்கப் போய் நான் தொலைத்த 1,79,000 ரூபாய்

2023 மே மாதம் சென்னை ஓஎம்ஆரில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டேன். பதினோரு வருஷம் அடுத்தவர் கம்பெனிக்கு எக்செல் போட்டாயிற்று, இனி நம்ம கணக்கை நாமே போடுவோம் என்று ஒரு வேகம். கையில் மூன்றரை லட்சம் சேமிப்பு. ஆன்லைனில் புடவை விற்பது என்று முடிவு செய்தேன். அந்த டிசம்பர் முடிவதற்குள் சேமிப்பில் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. வீட்டில் கேட்டால் வேண்டாம் என்பார்கள் என்ற பயத்தில் யாரிடமும் ஒரு யோசனையும் கேட்கவில்லை. நஷ்டம் வந்தபோதும் அதே பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது இதைத் தொடங்க நினைக்கும் இரண்டு மூன்று தோழிகள் என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் ஒரு மணி நேரம் சொல்வதற்குப் பதிலாக ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

முதல் தப்பு, ஒரு புடவைகூட விற்பதற்கு முன்னால் கடை மாதிரி தெரியவேண்டும் என்று செலவு செய்தது. தெரிந்தவர் மூலமாக வந்த ஒரு தம்பி வெப்சைட் போட்டுத் தர 45,000 கேட்டார், பேரம்கூடப் பேசவில்லை. பாரிமுனைப் பக்கம் ஒரு அச்சகத்தில் கடைப் பெயரும் வெப்சைட் முகவரியும் தங்க எழுத்தில் பொறித்த மெரூன் நிற அட்டைப்பெட்டிகள் சொன்னேன். ஐந்நூறுக்குக் குறைந்து அடிக்கமாட்டார்களாம். ஒன்று 52 ரூபாய், ஆக 26,000. அந்தப் பெட்டிகள் டெம்போவில் வந்து இறங்கிய அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம், பின்னால் முதல் ஆர்டர் வந்தபோதுகூட இல்லை. ஒவ்வொன்றாகத் திறந்து திறந்து மூடிப் பார்த்தேன். பிறகு ஒரு மாடல் பெண்ணை வைத்து ஸ்டுடியோவில் போட்டோ, அதற்கு 18,000. ஆக, வாடிக்கையாளர் என்று ஒருத்தர்கூட இல்லாமலே 89,000 ரூபாய் காலி.

இதே வேகத்தில் இன்னொரு கூத்தும் நடந்தது. சிறு தொழிலுக்கு உத்யம் சான்றிதழ் வாங்கவேண்டும் என்று எங்கோ படித்துவிட்டுத் தேடினேன். முதலில் வந்த தளத்தில் அசோகச் சக்கரம் மாதிரி ஒரு படம், மூவர்ணப் பட்டை எல்லாம் இருந்தது. ஆதார் எண்ணைக் கொடுத்து 2,999 ரூபாய் கட்டினேன். சான்றிதழும் வந்தது, அசல்தான். பின்னால்தான் தெரிந்தது, அரசின் உத்யம் தளத்தில் அது முழுக்க இலவசம், நாமே பத்து இருபது நிமிஷத்தில் பதிந்துகொள்ளலாம். ஜிஎஸ்டி பதிவுக்கும் அரசுக் கட்டணம் கிடையாது, ஆடிட்டருக்குக் கொடுப்பது அவர் வேலைக்கான கூலி மட்டும். முகவரி ‘கவ் டாட் இன்’ (gov.in) என்று முடிகிறதா என்பதை மட்டும் பார்த்திருந்தால் போதும். பணத்தைவிட, கண்டவரிடம் ஆதாரைக் கொடுத்தேனே என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

சரக்குக்கு சேலம் போய் அங்கிருந்து இளம்பிள்ளைக்குப் போனேன். சாஃப்ட் சில்க் புடவைகளைப் பார்த்ததும் கண் மண் தெரியவில்லை. ஒரு டிசைனில் பத்துப் பத்தாக 180 புடவைகள், சராசரி விலை 850, மொத்தம் 1,53,000. பில் கேட்டேன். “பில்லு வேணும்னா டேக்ஸ் சேரும்மா” என்றார் கடைக்காரர். மிச்சமாகிறதே என்று துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு வந்தேன். ஜிஎஸ்டி எண் வைத்திருப்பவர் செய்யக்கூடாத வேலை இது. நான் விற்கும்போது 5 சதவீத வரி கட்டியே ஆகவேண்டும். வாங்கும்போது முறையான பில் இருந்தால் அங்கே கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். துண்டுச் சீட்டுக்கு எதைக் கழிப்பது? டேமேஜ் புடவையை மாற்றப் போனாலும் துண்டுச் சீட்டுக்கு மரியாதை இல்லை.

அதைவிடப் பெரிய அடி, நான் வாங்கிவந்த அதே டிசைன்களை இன்ஸ்டாகிராமில் இன்னும் பத்துப் பேர் விற்றுக்கொண்டிருந்தது. நான் 1,350 போட்டிருந்த புடவையை ஒரு அக்கா யூடியூப் லைவில் விரித்து உதறிக் காட்டி, 1,050-க்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு ராத்திரி தூக்கமே இல்லை. வாங்கப்போகும் முன் அந்த டிசைன் வேறு எங்கே, என்ன விலைக்கு ஓடுகிறது என்று ஒரு மணி நேரம் போனில் தேடியிருந்தால் 180-க்குப் பதிலாக 15 புடவை எடுத்திருப்பேன். முதல் தடவை ஒரு டிசைனில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. விற்றால் திரும்பப் போய் எடுப்பதற்கு பஸ் இல்லாமலா போய்விட்டது?

ஜூலையும் ஆகஸ்டும் வெறும் நிசப்தம். இன்ஸ்டாகிராமில் போஸ்ட்டுக்குக் கீழே இருக்கும் பூஸ்ட் பட்டனை அழுத்தி அழுத்தி 7,000 ரூபாய் போனது. லைக் நூற்றுக்கணக்கில் வந்தது, இதயம் இதயமாக விட்டார்கள். வாங்கியது யாருமில்லை. இந்தியா முழுக்க, எல்லா வயதுப் பெண்களுக்கும் என்று நான் குறித்துக்கொடுத்திருந்தேன், இன்ஸ்டாகிராமும் சொன்னபடி லைக் போடுகிறவர்களாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டு வந்து காட்டியது. விளம்பரம் கொடுக்கும்போது உங்களுக்கு என்ன வேண்டும் என்று அது கேட்கும். லைக்கா, மெசேஜா, விற்பனையா என்று. அந்தக் கேள்வியைப் படிக்காமல் தாண்டிப் போனதற்கான அபராதம் அந்த 7,000. தீபாவளிக்குள் என்னிடம் முன்கூட்டியே பணம் கொடுத்து வாங்கிய 21 பேரில் பெரும்பாலோர் சொந்தக்காரர்களும் பழைய ஆபீஸ்காரர்களும்தான். அவர்கள் வாங்கியது எனக்காக. அதைத் தேவை என்று நான் தப்பாக எடுத்துக்கொண்டேன்.

அந்த 21-ல் ஒன்று மயில்கழுத்து நிறப் புடவை. மயில்கழுத்து என்ன நிறம் என்று கேட்டால் நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் பார்த்தால் நீலம், மறுபக்கம் திருப்பினால் பச்சை. நீளவாக்கில் ஓடும் பாவும் குறுக்கே ஓடும் ஊடையும் இரண்டு நிற நூல். ஸ்டுடியோ வெளிச்சத்தில் அது சுத்த நீலமாக விழுந்திருந்தது. நங்கநல்லூரிலிருந்து ஒரு அம்மா வாங்கினார், பிரித்துப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். “நான் நீலம் கேட்டேன், நீ பச்சை அனுப்பியிருக்கியேம்மா.” நான் விளக்கம் சொன்னேன். அவர் விடவில்லை. எனக்குக் கோபம் வந்து, வெப்சைட்டில் ‘நோ ரிட்டர்ன்’ என்று போட்டிருக்கிறதே, படிக்கவில்லையா என்று கேட்டுவிட்டேன். அவ்வளவுதான். அவருக்குப் பின்னால் ஒரு பஜனை மண்டலியே இருந்தது, அந்த வாட்ஸ்அப் குழுவில் என் கடைப் பெயர் நாறியது. 1,350 ரூபாயைத் திருப்பிக் கொடுத்திருந்தால் அந்தக் குழுவிலிருந்தே பத்துப் புடவை போயிருக்கும். இப்போதெல்லாம் நான் போட்டோ எடுப்பது மொட்டை மாடியில், காலை எட்டு மணி வெயிலில், சாதாரணப் போனில். துணி உலர்த்தும் கொடியில் ஒரு மடிப்பு விரித்துப் போட்டு ஒரு படம், முந்தானையைக் கையில் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பத்து விநாடி வீடியோ ஒன்று. 18,000 ரூபாய் போட்டோக்களைவிட இவைதான் விற்கின்றன.

நவராத்திரி சமயத்தில் ஏமாந்த கதை இன்னும் வெட்கக்கேடு. ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்தார், மனைவிக்கு ஒரு புடவை, டெலிவரியோடு 1,400 ரூபாய். பணம் அனுப்பிவிட்டேன் என்றவர் அடுத்த நிமிஷமே பதறிக்கொண்டு போன் செய்தார். “சிஸ்டர், ஒரு சைபர் கூடப் போட்டுட்டேன், 14,000 வந்திருக்கும் பாருங்க. ஆஸ்பத்திரிக்கு வச்சிருந்த காசு, மீதியை உடனே அனுப்பிடுங்க.” எனக்கும் 14,000 வரவு வைக்கப்பட்டது என்று ஒரு எஸ்எம்எஸ் வந்திருந்தது. 12,600 அனுப்பினேன். நன்றி சொன்னார், கடவுள் ஆசீர்வதிப்பார் என்றுகூடச் சொன்னார். அந்த எஸ்எம்எஸ் பேங்கிலிருந்து வரவில்லை, ஏதோ ஒரு சாதாரண பத்து இலக்க நம்பரிலிருந்து வந்திருந்தது. அதை மறுநாள் காலைதான் கவனித்தேன். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அடித்துப் புகார் கொடுத்தேன். அதற்குள் பணம் வேறு கணக்குகளுக்குத் தாவிவிட்டது, திரும்பி வரவேயில்லை. ஏமாந்த அந்த நிமிஷமே 1930-ஐ அழைத்தால் பணத்தை நடுவில் முடக்க வாய்ப்பு உண்டு. ராத்திரி முழுக்க நான் தூங்கிவிட்டேன்.

இதில் இன்னொரு கோளாறும் இருந்தது. பால் காசு, வீட்டு ஈஎம்ஐ, புடவைப் பணம் எல்லாம் ஒரே சேமிப்புக் கணக்கில்தான் ஓடிக்கொண்டிருந்தது. எது வந்தது, எது போனது என்று பார்க்கிற பழக்கமே எனக்கு இல்லாமல் போயிருந்தது. தொழிலுக்குத் தனிக் கணக்கு முதல் நாளே வேண்டும். பணம் வந்ததா என்பதைப் பேங்க் ஆப்பைத் திறந்து பேலன்ஸில் பாருங்கள், எஸ்எம்எஸ்ஸையோ அவர்கள் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டையோ நம்பவேண்டாம். பணம் வாங்குவதற்கு நம் யுபிஐ பின்னைப் போடவேண்டிய தேவை ஒருபோதும் இல்லை என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

இனி தீபாவளி. 2023-ல் தீபாவளி நவம்பர் 12. விட்டதைப் பிடித்துவிடலாம் என்று 31,000 ரூபாய்க்கு விளம்பரம் போட்டு, கேஷ் ஆன் டெலிவரியும் திறந்துவிட்டேன். ஆர்டர் கொட்டியது, 62! அம்மாவும் நானும் ராத்திரி பன்னிரண்டு மணி வரை மடித்து, பெட்டியில் வைத்து, டேப் ஒட்டினோம். கூடம் முழுக்க மெரூன் பெட்டி. ஜெயித்துவிட்டேன் என்று அன்றைக்கு நிஜமாகவே நம்பினேன். 62-ல் 23 திரும்பி வந்தன. சிலர் போனையே எடுக்கவில்லை. சிலருக்கு தீபாவளி முடிந்துதான் பார்சல் போய்ச் சேர்ந்தது, பண்டிகை முடிந்தபின் புதுப்புடவை யாருக்கு வேண்டும்? நவம்பர் மூன்றாம் வாரம் முழுக்க, நான் அனுப்பிய பெட்டிகள் மூலை நசுங்கி ஒவ்வொன்றாக என் வாசலுக்கே வந்துகொண்டிருந்தன. டெலிவரி பையன் மூன்றாவது நாள் என் முகத்தைப் பார்க்காமலே கையெழுத்து வாங்கினான்.

கொரியர் பில் வந்தபோதுதான் அந்த அழகுப் பெட்டியின் இன்னொரு முகம் தெரிந்தது. புடவையும் பெட்டியும் சேர்த்து 700 கிராம்தான், ஆனால் பில்லில் 2 கிலோ என்று போட்டிருந்தார்கள். சண்டை போடலாம் என்று போன் செய்தேன், அந்தப் பெண் பொறுமையாக விளக்கினாள். கொரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, வண்டியில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்றும் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது பொதுவான வழக்கம். என் பெட்டி 35, 28, 8. பெருக்கினால் 7,840, வகுத்தால் 1.57. அரைக்கிலோ கணக்கில் ஏற்றினால் 2 கிலோ. ஆக ஒரு பார்சலுக்கு 165 ரூபாய், திரும்பி வந்தால் அதற்கு 140 வேறு. 52 ரூபாய் கொடுத்துப் பெட்டி வாங்கி, அதற்காகவே கொரியருக்கும் கூடுதலாகக் கட்டியிருக்கிறேன்.

அன்றைக்கு ராத்திரிதான், பதினோரு வருஷம் எக்செல் போட்டவள், என் சொந்தக் கடைக்கு முதல் தடவையாக எக்செல் திறந்தேன். புடவை 850. பெட்டி 52. கொரியர் 165. விளம்பரச் செலவு 31,000-ஐ உண்மையில் கைமாறிய 39 புடவைக்குப் பங்குபோட்டால் ஒன்றுக்கு 795. மொத்தம் 1,862. நான் விற்றது 1,350-க்கு. ஜிஎஸ்டியையும் ரிட்டர்ன் செலவையும் இன்னும் சேர்க்கவே இல்லை. ஒவ்வொரு புடவைக்குள்ளும் ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்றை மடித்து வைத்து அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இருக்கும் 500 ரூபாய் லாபம் என்று ஆறு மாதமாக மனசுக்குள் கணக்கு வைத்திருந்தேன். நீங்கள் தொடங்குவதற்கு முன்பே ஒரு நோட்டில் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். திரும்பி வரப்போகும் பார்சல்களையும் அதில் சேருங்கள், கேஷ் ஆன் டெலிவரி இருந்தால் கட்டாயம் வரும். இப்போது நான் பொதுவாக முழுப்பணத்தையும் முன்னாலேயே வாங்கிவிடுகிறேன். பணம் கையில்தான் தருவேன் என்று அடம்பிடிப்பவரிடம் 150 ரூபாய் முன்பணம் வாங்கி, அனுப்புவதற்கு முன் ஒரு போன் செய்துவிடுவேன். 150 கொடுக்கத் தயங்குபவர் பார்சலையும் வாங்கமாட்டார். பண்டிகை ஆர்டரைப் பத்து நாளைக்கு முன்பே மூடிவிடுகிறேன்.

ஜிஎஸ்டி பற்றி ஒரு வார்த்தை. வெளிமாநிலத்துக்கும் விற்பதால் ஜூனிலேயே பதிவு செய்திருந்தேன். விற்பனையே இல்லாத மாதத்துக்கு என்ன ரிட்டர்ன், அதாவது வரிக்கணக்குத் தாக்கல், என்று விட்டுவிட்டேன். விற்பனை இல்லாவிட்டாலும் நில் ரிட்டர்ன் போட்டாகவேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 20 ரூபாய், ஒரு ரிட்டர்னுக்கு அதிகபட்சம் 500. தொகை சின்னதுதான், ஆனால் ஆடிட்டர் கேட்ட கேள்விகளுக்கு முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றேன்.

மிச்சம் 120 புடவை. பொங்கலுக்குத் தள்ளிவிடலாம் என்று பெட்டிகளில் போட்டுப் படுக்கையறையில் தரையிலிருந்து அடுக்கி வைத்திருந்தேன். டிசம்பர் 3 ராத்திரி மிக்ஜாம் புயல் மழை. மடிப்பாக்கத்தில் தரைத்தளம், 2015-ல் தண்ணீர் வந்த தெரு என்று தெரிந்தும் அங்கேதான் வைத்திருந்தேன். 4-ம் தேதி விடியற்காலை கட்டிலிலிருந்து காலை இறக்கினால் ஜில்லென்று தண்ணீர். டிவி, மிக்ஸி, சான்றிதழ் என்று நாங்கள் ஓடி ஓடித் தூக்கியதில் புடவை ஞாபகம் வந்தபோது கீழ் வரிசைப் பெட்டிகள் ஊறிப் பிரிந்துகொண்டிருந்தன. கரண்ட் இல்லை. டார்ச் வெளிச்சத்தில் எடுத்துப் பார்த்தேன். மெரூன் அட்டைச் சாயம் புடவையில், புடவைச் சாயம் பக்கத்துப் புடவையில். சந்தன நிறப் புடவை ஒன்றில் என் கடைப் பெயர் தலைகீழாக அச்சாகியிருந்தது. 41 புடவை போயிற்று. சாக்கடை நாற்றத்தில் துவைக்கவும் மனம் வரவில்லை. இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கவில்லை. அதையெல்லாம் விடுங்கள், நாலு இரும்பு ரேக் வாங்கியிருந்தால் போதுமே.

தண்ணீர் வடிந்த பிறகு ஒருநாள் என் கணவரிடம் எல்லாக் கணக்கையும் சொன்னேன். அதுவரை “நல்லா போகுதுங்க” என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். கத்துவார் என்று நினைத்தேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “12,600 போன அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா” என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மீதி 79 புடவையை அவருடைய ஆபீஸிலும் எங்கள் அபார்ட்மெண்டிலும் 700 ரூபாய்க்குக் கொடுத்துத் தீர்த்தோம். போட்டது 3,15,599, திரும்பி வந்தது 1,36,300. வித்தியாசம் 1,79,299. எட்டு மாதம் வராத சம்பளத்தை நான் இதில் சேர்க்கவில்லை, சேர்த்தால் எனக்கே தாங்காது.

பிப்ரவரியில் கிண்டியில் ஒரு வேலையில் சேர்ந்தேன். ஜூனில் கடைசி அத்தியாயம். வெப்சைட் முகவரியைப் புதுப்பிக்கவேண்டிய நேரம், உள்ளே போக முயன்றால் முடியவில்லை. வெப்சைட் போட்டுத் தந்த தம்பி டொமைனை, அதாவது அந்த முகவரியை, தன் பெயரில், தன் மின்னஞ்சலில் வாங்கியிருந்தார். எனக்கு மாற்றித்தர 15,000 கேட்டார். ஒருவேளை எல்லோருக்கும் அவர் அப்படித்தான் செய்கிறாரோ என்னவோ, குரலில் ஒரு கூச்சமும் இல்லை. போகட்டும் என்று விட்டுவிட்டேன். டொமைன், ஹோஸ்டிங், இன்ஸ்டாகிராம், விளம்பரக் கணக்கு எல்லாவற்றையும் உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கார்டில் நீங்களே வாங்கிவிட்டு, வேலை செய்பவருக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். ஒரு வருஷ டொமைனுக்கு அன்றைக்கு ஆயிரம் ரூபாய்கூட ஆகியிருக்காது. முகவரி போனதால், அதைத் தங்க எழுத்தில் அச்சடித்திருந்த மிச்சப் பெட்டிகளும் செத்துப்போயின.

இப்போதும் விற்கிறேன். வேறு பெயர், வெப்சைட் கிடையாது. சனிக்கிழமை மொட்டை மாடியில் ஏழெட்டுப் புடவை படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவேன். ஒரு டிசைனில் ஒன்றுதான், அதற்கு முறையான பில் உண்டு. மாதம் பதினைந்திலிருந்து இருபது போகிறது, எல்லாச் செலவும் போக ஆறாயிரம் ஏழாயிரம் நிற்கிறது. நங்கநல்லூர் அம்மாவுக்குப் போன வருஷம் நானே போன் செய்து மன்னிப்புக் கேட்டேன், அவர் மருமகளுக்கு ஒன்று வாங்கினார். மயில்கழுத்து இல்லை, அரக்கு.

போன ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூருக்கு ஒரு பார்சல். புடவையை நாலாய் மடித்து, நாலு ரூபாய் கொரியர் கவரில் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். பரணிலிருந்து கொலு பொம்மைகளை இறக்கிக்கொண்டிருந்த அம்மா, ஒரு மெரூன் பெட்டியிலிருந்து தசாவதாரத்தில் ஒன்றை எடுத்துத் துடைத்துக்கொண்டே சொன்னாள், “இந்தப் பெட்டியிலேயே ஒண்ணுல வச்சுக் குடுக்கலாமேடி, எவ்வளவு லட்சணமா இருக்கு.”